கள்ளுக்கடை மூடும்வரை உட்காருகிறவர்கள்

மகனே,

நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலம் என்று எழுதினால் அது பொய். ஆகையால் அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கோடு போட்ட தாளில் எழுதியும் உன் வரிகள் சரிந்து விழுகின்றன. உன் கையெழுத்தைப் பார்த்தே நீ எந்த நேரத்தில் எழுதினாய் என்று என்னால் சொல்ல முடிகிறது. சரசு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காஜாங்கில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சம்பந்தியிடம் பேச வேண்டும் என்கிறாய். உனக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, ஆபீசுக்கு ஒழுங்காகப் போக முடியாததும் அதனால்தான் என்று நான் சொல்ல வேண்டும். 'நீங்கள் சொன்னால் அவர் நம்புவார்' என்று முடித்திருக்கிறாய். உன் கடிதத்தில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். பிரிக்பீல்ட்ஸில் இத்தனை வருடத்தில் நான் சொன்னதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை. அதனால் வந்த கேட்டைத்தான் உனக்கு எழுதப் போகிறேன். நிதானமாக இருக்கும் நேரத்தில் படி. அப்படி ஒரு நேரம் உனக்குக் கிடைக்காவிட்டால் காலையில் எழுந்ததும் படி.

இந்தக் குடும்பத்தில் காய்ச்சல் என்ற வார்த்தையை அப்படி முதலில் உபயோகித்தவள் நான். உன் அப்பா இறந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. மலாக்காவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ரயிலடியில் உன்னை இறக்கி அழைத்து வந்தபோது, 'அப்பாவுக்கு நாலு நாள் காய்ச்சல்' என்றேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். ரயில்வே ஆபீசில் அவருடைய துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு நல்ல இங்கிலீஷில் அதையே சொன்னேன். உன் அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. வயிறு பானை மாதிரி வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்து இறந்தார். குடித்து இறந்தார். நீ பிரேதத்தைப் பார்த்தபோது வயிற்றின் மேல் மூன்று சால்வைகள் போர்த்தியிருந்தது மரியாதைக்காக என்று நினைத்திருப்பாய்.

அவர் குடித்தது எனக்குப் பெரிய துக்கமாக இல்லை. இதை இத்தனை வயதில் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிறருக்குத் தெரிவதுதான் எனக்குத் துக்கம். பினாங்கு கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் என்னை நிமிர்ந்து உட்காரவும், உள்ளாடை மடிப்புவரை ஒழுங்காக வைக்கவும், பிறர் முன் அழாமல் இருக்கவும் பழக்கினார்கள். நான் நல்ல மாணவி. கள் குடிப்பது சாலை போடுகிற கூலிகளின் வழக்கம், ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிமார் குடிப்பது வேறு சாமான் என்று நாங்கள் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருந்தோம். கள்ளுக்கடை வாசலில் நிற்பவன் குடிகாரன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடித் தம்ளரில் பிராந்தி குடிப்பவருக்கு உடம்பு சரியில்லை. குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆறு வீடுகளில் நாலு பேருக்கு அப்படி உடம்பு சரியில்லாமல் இருந்தது. ஒருவர் வீட்டுச் சத்தம் இன்னொரு வீட்டுக்குக் கேட்காத மாதிரி எல்லோரும் நடந்துகொண்டோம்.

துணி மட்டும் மறைக்க முடியாததாக இருந்தது. அவருடைய வெள்ளைக் கோட்டுகளில் வாந்திக் கறை. எங்கள் வரிசைக்கு வந்து துணி எடுக்கிற டோபி அடுத்த வீட்டிலும் எடுப்பான், அதற்கடுத்த வீட்டிலும் எடுப்பான். துணி எடுக்கிறபோது பேசுவான். ஆகவே அவனை நிறுத்திவிட்டேன். 'கஞ்சி சரியாகப் போடுவதில்லை' என்று காரணம் சொன்னேன். எங்களை யாருக்கும் தெரியாத கிள்ளானில் ஒரு டோபியைப் பிடித்தேன். பெயர் மாரிமுத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அப்பா மூட்டையை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய், வெளுத்ததை வாங்கிக்கொண்டு நாலரை வண்டிக்குத் திரும்பி வருவார். ரயில்வே ஆள் ரயிலில் போவதை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கறை பார்த்தவனுக்குத் தெரியாதா? அந்த மாரிமுத்துவும் பழைய குடிகாரன். கிள்ளானில் கள்ளுக்கடை மூன்று மணிக்குத் திறந்து ஆறரை மணிக்கு மூடும். அவனும் துறைமுகத்துக் கூலிகள் சிலரும், குடியை விட நினைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறக்கிற நேரத்தில் அவன் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் வேலையையும் சொல்லி, குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நேற்றுக் குடித்தவன் நேற்றுக் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். சுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். கடை மூடிவிட்டது என்று தெரியும்வரை ஒருவரும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் ஏற்பாடு. பூசை, பிரசங்கம், சத்தியம் எதுவும் கிடையாது. சத்தியம் செய்வதானால் உன் அப்பா ஏற்கெனவே பத்துமலையில் பால்குடம் எடுத்துச் செய்து பார்த்தவர். அது மலையடிவாரத்திலிருந்து வீடு வரைக்கும்தான் தாங்கியது.

அந்தப் பாயில் உன் அப்பாவையும் அவன் உட்காரவைத்திருக்கிறான். அப்போது எனக்கு இதொன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாலரை வண்டிக்கு வருகிறவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரத் தொடங்கினார் என்பது தெரியும். முகம் தெளிந்தது தெரியும். கோட்டுகளில் கறை இல்லாமல் போனது தெரியும். ஒரு நாள் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என்னிடம் காரணமில்லாமல், 'நீ பாட்டுப் பாடி ரொம்ப நாளாச்சில்ல?' என்றார். நல்ல மனைவி இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் கிள்ளானில் அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று தீர்மானித்தேன். ஒரு ஞாயிறு, அவருக்குத் தெரியாமல் அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறி, பின்னாலேயே போனேன்.

கொட்டகை நிறைய வெள்ளைத் துணி தொங்கியது. துணிகளை விலக்கிக்கொண்டு போனால் பத்துப் பதினைந்து பேர் தரையில். சட்டை இல்லாதவர்கள், காலில் சேறு காயாதவர்கள், கக்கூஸ் வாளி சுமக்கிறவன் ஒருவன். நடுவில் உன் அப்பா, காலணியைக் கழற்றிவிட்டு, தகரக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார். 'எம் பேரு முருகேசன். ரயில்வேயில கிராணி. இன்னிக்கோட நூத்திப் பத்தொம்பது நாளு.' எல்லோரும் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்கள். அப்போதுதான் மாரிமுத்து என்னைப் பார்த்தான்.

'யாரு, கிராணியம்மாவா? வாங்கம்மா, உள்ள வாங்க.'

'ஐயாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்' என்றேன்.

ஒரு கிழவன் சிரித்தான். 'எம் பொண்டாட்டியும் இப்படித்தான் ஒரு நாளு வந்தா, வெளக்கமாத்தோட. இந்தம்மா கொடையோடதானே வந்திருக்கு? பயப்படாதீங்க கிராணி!'

எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆட்களோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

'கிளம்பி வாங்க. கிராணி உக்கார்ற எடமா இது?'

'இன்னும் கொஞ்ச நேரந்தான். நீ ரயிலடியில உக்காந்திரு, நான் வந்துடறேன்' என்றார்.

மாரிமுத்து கைகட்டி எழுந்து வந்தான். 'அம்மா, கடை இன்னும் மூடல. அது மூடற வரைக்கும் நாங்க யாரையும் அனுப்பறதில்ல. மூடினதும் நானே கூட வந்து ஐயாவ ரயிலேத்தி விடறேன். ஒங்களுக்கு ஒரு பலகை போடச் சொல்றேன், இப்படி உக்காந்து சுக்குத் தண்ணி குடிங்க.'

'எங்க வீட்டு அழுக்கைத் துவைக்கத்தான் உன்னை வச்சிருக்கு. எங்க வீட்டு ஆளுக்கு நேரம் சொல்றதுக்கு இல்ல.'

உன் அப்பா குவளையைக் கீழே வைத்துவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டார். பதினைந்து பேர் முன்னால் மனைவியோடு வாதாடுகிற மனிதர் இல்லை அவர். அந்த மரியாதையை வைத்துத்தான் நான் அவரைக் கிளப்பினேன்.

கொட்டகையிலிருந்து ரயிலடிக்குப் போகிற வழியில்தான் கள்ளுக்கடை. நான் முன்னால் நடந்தேன்; திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலடியில் பலகையில் உட்கார்ந்தோம். வண்டிக்கு நேரம் இருந்தது. 'தொண்டை வறளுது. தண்ணி குடிச்சிட்டு வரேன்' என்றார். நான் குடையை மடித்துக்கொண்டு தலையை அசைத்தேன். வண்டி வந்து நின்ற பிறகுதான் வந்தார். கோட்டின் மார்பில் மூன்று நாலு ஈரச் சொட்டுகள், புளித்த வாடை. அதுவரை அவர் கள்ளுக்கடை வாசலை மிதித்தவர் இல்லை. வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க, கூலிகளோடு கூலியாக நின்று குடித்துவிட்டு வந்திருந்தார். பெட்டியில் எதிரே உட்கார்ந்து சொன்னார்: 'அங்க என்னை யாரும் கிராணின்னு பாக்கல. முருகேசன்னுதான் பாத்தாங்க.' நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? 'நாளைக்கே வேற டோபி பாக்கறேன்' என்றேன். பதினாறு மாதத்தில் அவர் போய்விட்டார்.

இனி உன்னைப் பற்றி. நீ கம்பெனி விருந்துகளில் குடிக்கத் தொடங்கியபோது எனக்குத் தெரியும். உனக்குப் பெண் பார்த்தபோதும் தெரியும். அப்போது அது வாரத்துக்கு ஒரு நாள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று எல்லாத் தாய்மாரும் சொல்லிக்கொள்வதை நானும் சொல்லிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் சரசு தனியாக என் வீட்டுக்கு வந்தாள். உன் துரை உனக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்ததைச் சொன்னாள். பெரியவளை நீ பிடித்துத் தள்ளியதில் அவள் நெற்றியில் மூன்று தையல் போட்டதையும் சொன்னாள். எனக்கு நீ, படியில் விழுந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா குடித்த காலத்திலும் உன் மேல் கை வைத்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீ அவரை மிஞ்சிவிட்டாய்.

அன்றிலிருந்து உனக்கு ஓர் இடம் தேடினேன். டாக்டரிடம் போனேன், ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார், அதிலும் அந்த வாடைதான் அடித்தது. பிரிக்பீல்ட்ஸில் பெரிய மனிதர்கள் மதுவிலக்குக் கூட்டம் நடத்துவதாகக் கேள்விப்பட்டு அங்கும் போனேன். மேடை, மாலை, போட்டோ. குடி நம் தோட்டத்துத் தொழிலாளிகளைக் கெடுக்கிறது என்று ஒரு வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். குடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. வெளியே வரும்போது எனக்கு முன்னால் போன இருவர் கிளப்புக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டார்கள். அவர்களை எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர்கள் என் ஜாதி.

மறுவாரம் கிள்ளானுக்குப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் சைக்கிள் கடை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த பெண்களிடம், 'குடிக்கிறவங்க ஒண்ணாக் கூடுவாங்களே, அந்த எடம் எங்கே?' என்று கேட்டேன். இந்த வயதில் இந்தச் சேலையில் இருக்கிற ஒருத்தி கேட்கிற கேள்வியா என்று பார்த்தார்கள்.

'குடிக்காதவங்க கூட்டம்னு கேளுங்கம்மா, இல்லாட்டி எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்குவாரு' என்றாள் ஒருத்தி. 'பாலத்தத் தாண்டுங்க. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால. யாருக்கு, மகனுக்கா?'

'ஆமாம்' என்றேன். அதை முதல் முறையாக வெளியே சொன்னது அந்தக் குழாயடியில்தான்.

மாரிமுத்து இன்னும் இருக்கிறான். கண் பாதிதான் தெரிகிறது. கூட்டத்தை இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற சின்னையா நடத்துகிறான். குரலைக் கேட்டே மாரிமுத்து, 'கிராணியம்மாதானே?' என்றான். 'ஐயா எப்படியிருக்காரு?' என்று கேட்டான். செத்துப்போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்றேன். எப்படி என்று அவன் கேட்கவில்லை. சுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். இந்த முறை அதைக் குடித்தேன்.

உன் குற்றங்களை நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எடுத்துப் படிக்கத் தொடங்கியதும் சின்னையா கையைக் காட்டினான். 'அடுத்தவங்க குடிய நாங்க இங்க பேசறதில்லம்மா. அவங்க வந்தா அவங்க பேசிக்குவாங்க. ஒங்களுது ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க.'

'நான் குடிக்கிறவ இல்ல.'

'சரிம்மா. அப்ப சும்மா உக்காந்திருங்க. கடை மூட நேரமிருக்கு.'

பக்கத்தில் ஒரு ரப்பர்ப் பால் மரத் தோட்டத்துப் பெண். 'நான் குடிச்சவதான் ஆயா. நீங்க வேணா என்னைத் திட்டிக்கிட்டு உக்காந்திருங்க, பொழுது போகும்' என்று என் காதில் சொன்னாள். என்னை ஆயா என்று ஒருத்தி அழைத்து, நான் திருத்தாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு ஞாயிறு வாய் திறக்காமல் உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு எழுந்து என் பெயரைச் சொன்னேன். குடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைக் கடை மூடுமுன் இந்தப் பாயிலிருந்து கிளப்பிக்கொண்டு போனவள் நான் என்று சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த ஆள் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, நாலு நாள் என்றான்.

நேற்று வியாழக்கிழமை காஜாங்குக்குப் போனேன். நீ கேட்டபடி போனேன். நீ கேட்டபடி பேசவில்லை. சம்பந்தி நாற்காலி போட்டு, 'மாப்பிள்ளைக்கு ஒடம்பு எப்படியிருக்கு?' என்று கேட்டார். 'உடம்புக்கு ஒண்ணுமில்ல. குடிக்கிறான். அவங்கப்பாவும் குடிச்சுத்தான் செத்தாரு' என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சரசு மட்டும் நின்றாள். 'அத்தே, இத நீங்க எங்கப்பாகிட்ட கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்ல?' என்றாள். குரலை உயர்த்தவில்லை. 'சொல்லியிருக்கணும்' என்றேன். பெரியவள் நெற்றித் தழும்பை முடி இறக்கி மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், கிட்டே வரவில்லை. சரசு திரும்பி வருவாள் என்று நான் உனக்கு எழுதமாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. வரும்படி நானும் கேட்கவில்லை. நான் கேட்டால் அவள் மறுக்க முடியாமல் வந்துவிடக் கூடும் என்பதால்தான் கேட்கவில்லை.

இப்போது உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். காஜாங்கில் மானம் போய்விட்டது, இனி பிரிக்பீல்ட்ஸிலும் போகும். மறைக்க ஒன்றும் பாக்கியில்லாதபடி உனக்குச் செய்துவிட்டேன். நான் உன் அப்பாவுக்குச் செய்யாதது அது. கூட்டம் ஞாயிறு மூன்று மணிக்கு. பாலத்தைத் தாண்டி மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும். உன் துரையின் பெயரையோ உன் படிப்பையோ அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. உன்னைப் பார்த்ததாகவும் நான் காட்டிக்கொள்ளமாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஞாயிறு நான் போக வேண்டும், ஏனென்றால் போன வாரம் நான் சொன்னது பாதிதான்.

மீதியை அவர்கள் கேட்குமுன் நீ தெரிந்துகொள். கிள்ளானிலிருந்து திரும்பிய பிறகு உன் அப்பா மறுபடி கள்ளுக்கடைப் பக்கம் போய், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஆகவே பிராந்தியை நானே வாங்கி வைத்து, அலமாரியில் பூட்டி, வேளைக்கு ஒரு தம்ளர் என்று நானே ஊற்றிக் கொடுத்தேன். அவர் போதும் என்ற நாட்களிலும், வெளியே போய்விடுவாரோ என்று ஊற்றினேன். கடைசி மாதம் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தபோது, 'என்னை ஒரு தரம் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போயேன், அவங்களப் பாக்கணும்' என்றார். 'உடம்பு தேறட்டும், போகலாம்' என்று சொல்லிவிட்டு, அந்த வேளைக்கு உரியதை ஊற்றிக் கொடுத்தேன்.

அம்மா